கைக்குக் கீழே ஒரு கை

போன வருடம் ஆடி மாதம், ஒரு வியாழக்கிழமை காலை பத்தரை மணி. தொப்பூர் கணவாயில், சேலம் போகும் பக்கத்தில், என் ஆம்னி வேன் நின்று முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. கீழே வளைவில் ஒரு கண்டெய்னர் லாரி ரோட்டுக்குக் குறுக்கே சாய்ந்து கிடந்தது. டிரைவர் கால் முறிவோடு தப்பித்துவிட்டார் என்று முன்னால் போய்ப் பார்த்து வந்தவர்கள் சொன்னார்கள். கிரேன் வந்து தூக்கும் வரை ஒரு வண்டியும் நகராது.

வேனில் நானும் என் மாமனாரும் மட்டும்தான். மூக்கு வழியாகச் சாப்பாட்டுக் குழாய் போடுவதற்காக அவரைச் சேலத்துக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தேன். பன்னிரண்டு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

அன்று நடந்ததை நினைத்தால் இப்போதும் என்னால் உட்கார முடிவதில்லை, எழுந்து நாலு தப்படி நடந்துவிட்டுத்தான் மறுபடி பேனாவை எடுக்கிறேன். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. மாரண்டஹள்ளியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். வாய் கெட்டவன் என்று ஊரில் பெயர். அது பொய்யில்லை.

என் மனைவி அவருக்கு ஒரே பெண். மாமியார் எப்போதோ இறந்துவிட்டார். மாமா கர்நாடக எல்லையை ஒட்டிய கிராமத்தில் ராகியும் தக்காளியும் போட்டுக்கொண்டு தனியாக இருந்தார். வீட்டில் கன்னடம் பேசும் குடும்பம். தமிழும் பேசுவார், ஆனால் என்னிடம் அதிகம் பேசமாட்டார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் நாங்கள் இருவரும் பேசியதை நோட்டில் ஒரே பக்கத்தில் எழுதிவிடலாம். என் வாய் அவருக்குப் பிடிக்காது. அவருடைய முறைப்பு எனக்குப் பிடிக்காது.

தை மாதம் பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டோம். என் மனைவி ஓசூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். விடியும் முன் கம்பெனி பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் வருவாள். அந்தச் சம்பளம் இல்லாமல் முடியாது. கடை வீட்டுக்கு முன்னாலேயே இருக்கிறது. அதனால் பகல் முழுக்க மாமாவைப் பார்க்கும் வேலை என்னுடையது. குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, புரட்டிப் படுக்க வைப்பது, எல்லாம்.

கடைக்கு வருகிறவர்கள் சும்மா இருப்பார்களா?

"என்னண்ணா, காயில் கட்டற கையால மாமனாருக்குக் கால் கழுவி உடறியாமே?"

"ஆமா. உனக்கும் ஒரு நாளைக்குக் கழுவணும்னா சொல்லு, கம்பிய வச்சுத் தேச்சு உடறேன்" என்பேன். அதோடு அந்தப் பேச்சு நிற்கும்.

உண்மையைச் சொன்னால் அந்த வேலைகள் எனக்குக் கஷ்டமாக இல்லை. எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கழுவி, திரும்பக் கட்டுகிறவனுக்கு அழுக்கு என்ன புதிதா? என்னால் முடியாமல் போனது ஒன்றே ஒன்றுதான். அவரைச் சாப்பிட வைக்க முடியவில்லை.

பக்கவாதம் வந்த புதிதில் ஆஸ்பத்திரியில் மூக்குக் குழாய் போட்டிருந்தார்கள். அவர் இடது கையால் அதைப் பிடுங்கிப் போட்டார். மறுபடி போட்டார்கள். மறுபடி பிடுங்கினார். மூன்றாவது தடவை, வேறு வழியில்லை என்று சொல்லி, நல்லாயிருந்த அந்த இடது கையைக் கட்டுத்துணியால் கட்டில் கம்பியோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். என் மனைவி அதைப் பார்த்துவிட்டு வெளியே போய் வராண்டாவில் உட்கார்ந்தவள் சாயங்காலம் வரைக்கும் உள்ளே வரவில்லை. மாமா கண்ணை மூடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் கட்டச் சொன்னேன் என்று நினைத்தாரோ என்னவோ.

பிறகு தண்ணீர் கொடுத்து, கூழ் கொடுத்து, சோதித்துப் பார்த்தார்கள். விழுங்குவதில் கோளாறு இல்லை என்று குழாயை எடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் என்ன செய்தேன் என்றால், ராகிக் களியே தின்று வளர்ந்த மனிதருக்கு மிக்ஸியில் அடித்த கஞ்சியும், குழைத்து அரைத்த சோறும் கொடுத்தேன். நேர் எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு, ஸ்பூனை வாய்க்கு நேராக நீட்டுவேன். முதல் மாதம் சாப்பிட்டார். இரண்டாவது மாதம் பாதி. அப்புறம் ஸ்பூன் கிட்டே போகும்போதே உதட்டை இறுக்கி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்ப ஆரம்பித்தார்.

கைக்குப் பயிற்சி கொடுக்க வந்தவர், இடது கையில் ஸ்பூனைக் கொடுத்துப் பழக்குங்கள் என்றார். நல்ல யோசனை என்று எனக்குப் பட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமாவின் தம்பி குடும்பம் பார்க்க வந்திருந்தது. அவர்கள் முன்னாலேயே ஸ்பூனை அவர் இடது கையில் திணித்து, "சாப்புடுங்க மாமா, உங்க கையாலயே சாப்புடுங்க" என்றேன். ஸ்பூன் பறந்து வந்து என் மார்பில் விழுந்தது. கஞ்சி சட்டையெல்லாம். எனக்கு எங்கிருந்து வந்ததோ அவ்வளவு கோபம்.

"திங்காட்டிக் கெடங்க! யாருக்கு நட்டம்?" என்று கத்தினேன். வந்தவர்கள் காபிகூடக் குடிக்காமல் கிளம்பிப் போனார்கள்.

அன்று என் மனைவி மெதுவாகச் சொன்னாள். "ஏங்க, எங்கப்பா இடது கையால ஒரு சொம்புத் தண்ணிகூட வாங்க மாட்டாருங்க."

"ஒடம்பு இப்படிக் கெடக்கறப்ப இடதென்ன வலதென்ன?" என்று அவள் வாயை அடைத்தேன். இத்தனைக்கும் என் கடையில் எவனாவது இடது கையால் காசு நீட்டினால் வாங்க மாட்டேன். கையை மாத்துடா என்று விரட்டுவேன். அந்தப் புத்தி அன்று எனக்கு வேலை செய்யவில்லை.

ஐம்பத்தெட்டு கிலோ இருந்தவர் நாற்பத்தைந்துக்கு வந்தார். இன்னும் ஒரு கிலோ குறைந்தால் குழாய்தான் என்று டாக்டர் சொன்னார். இரண்டு கிலோ குறைந்தது. அதுதான் அந்த வியாழக்கிழமைப் பயணம்.

என் மனைவி வர மறுத்துவிட்டாள். கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டாள்: "மறுபடியும் கையக் கட்டிப் போடுவாங்களாங்க?"

"நான் பக்கத்துல இருப்பேன். கட்ட உட மாட்டேன். நீ போ" என்றேன். எப்படித் தடுப்பேன் என்று எனக்கே தெரியாது.

இந்த நிலைமையில்தான் தொப்பூரில் நின்றேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் ஒரு வண்டி நிற்கும் அளவுக்கு இடைவெளி விட்டு ஒரு டேங்கர் லாரி நின்றது. திடீரென்று பின்னாலிருந்து ஒரு வெள்ளைக் கார், கர்நாடகா நம்பர், பக்கவாட்டில் ஏறி வந்து மூக்கை அந்த இடைவெளியில் நுழைத்தது. எனக்கு ஏற்கெனவே இருந்த எரிச்சலுக்கு அது போதும். இறங்கிப் போய்க் கார் கூரையில் ஓங்கித் தட்டினேன். எனக்குத் தெரிந்த கன்னடம் தக்காளி மண்டியில் கற்றது. அதில் பாதி எழுத முடியாதது. அந்தப் பாதியைத்தான் பேசினேன்.

காரை ஓட்டியவர் நாற்பது வயது ஆள். தாடி, தலையில் வெள்ளைத் தொப்பி. இறங்கிச் சண்டை போடுவார் என்று பார்த்தேன். அவர் கண்ணாடியை இறக்கி, உடைந்த தமிழில், "சார், கோபம் வேணாம் சார். அப்பா மேல வெயில் அடிக்குது. இங்க லாரி நிழல் இருக்குது. அதுக்குதான் வந்துட்டேன்" என்றார்.

பார்த்தேன். முன் சீட்டில் ஒரு பெரியவர். என் மாமாவைப் போலவே வாய் ஒரு பக்கம் கோணி, வலது தோள் இறங்கி இருந்தது. கூரை மேல் இருந்த கையை எடுத்துக்கொண்டேன். ஆனால் மன்னிப்புக் கேட்கவில்லை. "கேட்டுட்டு வரணும்" என்று ஒரு முறைப்பு முறைத்துவிட்டு வந்து வேனில் உட்கார்ந்தேன். அதுதான் நான்.

பதினோரு மணி தாண்டியது. பிளாஸ்கில் கஞ்சி இருந்தது. குழாய் போடுவதற்கு முன்னால் கடைசியாக ஒரு முயற்சி என்று வேனின் பக்கக் கதவைத் திறந்து, அவர் எதிரே மடங்கி உட்கார்ந்து, ஸ்பூனை நீட்டினேன். உதட்டை இறுக்கிக்கொண்டார். "மாமா, ஒரே வாய் மாமா" என்றேன். முகத்தைத் திருப்பினார். எச்சிலோடு கஞ்சி கழுத்தில் வழிந்தது. துடைத்தேன். மறுபடி நீட்டினேன். அவர் கண்ணிலிருந்தும் ஏதோ வழிந்தது. அதையும் அதே துணியால் துடைத்தேன்.

யாரோ பார்க்கிற மாதிரி இருந்தது. அந்தக் காரிலிருந்து ஒரு பெண், காரை ஓட்டியவரின் மனைவி, தலையில் முக்காடு போட்டவள், இறங்கி நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, சினிமாவா ஓடுது இங்க?" என்றேன்.

அவளுக்குத் தமிழ் புரியவில்லை. கணவரிடம் கன்னடத்தில் ஏதோ சொல்லிவிட்டு, காரைச் சுற்றிப் போய், அவர் இறங்கிக் கொடுத்த டிரைவர் சீட்டில், தன் மாமனார் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஹாட் பாக்ஸைத் திறந்தாள். ஆவி பறந்தது. ராகி வாசனை! எங்கள் ஊர்க் களிதான். அவர்கள் முத்தே என்கிறார்கள். கூடவே கீரைச் சாறு.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தப் பெரியவரின் வலது கை தட்டுக்குப் போனது. ஒரு சின்ன உருண்டையை எடுத்தது. சாற்றில் தொட்டது. வாய்க்குப் போனது. விழுங்கினார். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. விழுந்துபோன கை எப்படி எழும்புகிறது? வேனை விட்டு இறங்கிக் கிட்டே போய்ப் பார்த்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அங்கே இருந்தது ஒரு கை இல்லை, இரண்டு கை. பெரியவரின் உள்ளங்கைக்குக் கீழே அவளுடைய கை இருந்தது. அவள் விரல்தான் உருண்டையைப் பிடித்தது. அவள் கைதான் தூக்கியது. ஆனால் மேலே இருந்ததும், முன்னால் போனதும், வாயைத் தொட்டதும் அவருடைய கை.

என்னைப் பார்த்து அவள் கேட்டதைக் கணவர் தமிழாக்கிச் சொன்னார்: "உங்க அப்பாக்கு எந்தக் கை போச்சு, கேக்கறாங்க."

"அப்பா இல்ல, மாமனார். வலது கை."

"நம்ம அப்பாக்கும் அதே கை சார். எடது கைல சாப்டவே மாட்டாரு. செத்தாலும் சாப்டமாட்டாரு. ஊட்டுனா துப்பிடுவாரு. அஞ்சு மாசம் இவங்க அழுதாங்க."

இது என் வீட்டுக் கதை ஐயா! கர்நாடகாவில் சீரா என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து நாகூர் தர்காவுக்குப் போகிறோம் என்று சொன்ன குடும்பத்தின் வாயிலிருந்து என் வீட்டுக் கதை வருகிறது.

"அப்பறம் இத யார் சொல்லிக் குடுத்தாங்க? டாக்டரா?" என்றேன்.

அவர் மனைவியிடம் கேட்டார். அவள் சிரித்துவிட்டாள். மாமனாரைக் காட்டிச் சொன்னாள். ஒரு நாள் அவள் ஊட்டப் போகும்போது, பெரியவர் தன் இடது கையால் விழுந்துபோன வலது கையைத் தூக்கி, ஊட்ட வந்த அவள் கையின் மேல் வைத்துவிட்டாராம். அப்படியே இருவரும் சேர்ந்து சாப்பாட்டை வாய்க்குக் கொண்டுபோனார்களாம். அன்றிலிருந்து அப்படித்தான்.

"நீங்க பண்ணிப் பாருங்க சார்."

"எனக்கு வராதுங்க" என்றேன். வராது என்று சொன்னது பொய். எனக்குப் பயம். இதுவும் நடக்காவிட்டால் குழாய்தான், கட்டுத்துணிதான்.

அந்த மனிதர் விடவில்லை. தட்டில் ஒரு உருண்டை களியை வைத்துக்கொண்டு வந்தார். என்னை வேன் படியில் உட்கார வைத்தார். என் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, என் வலது கைக்குக் கீழே தன் வலது கையைக் கொடுத்தார். "கை லூசா உடுங்க" என்றார். விட்டேன். என் கை தட்டுக்குப் போனது. வாய்க்கு வந்தது. களி உள்ளே போனது.

ஒரு மணி நேரத்துக்கு முன்னால் எவனைக் கெட்ட வார்த்தையில் திட்டினேனோ அந்த மனிதன், நடு ரோட்டில், லாரிக்காரர்கள் பத்துப் பேர் பார்க்க, எனக்குச் சோறு ஊட்டுகிறான்!

ஆனால் அது ஊட்டின மாதிரியே இல்லை. அதைத்தான் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நானே எடுத்துச் சாப்பிட்ட மாதிரி இருந்தது. வரும் கை என் கை. எப்போது வரும் என்று எனக்குத் தெரிகிறது. வாய் தானாகத் திறக்கிறது. இத்தனை மாதம் நான் எதிரே உட்கார்ந்து நீட்டிய ஸ்பூன் அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று அந்த ஒரு வாயில் எனக்குப் புரிந்துவிட்டது.

அந்தப் பெண் ஒரு உருண்டையை எங்கள் தட்டில் வைத்து, மேலே கீரைச் சாற்றை ஊற்றிக் கொடுத்தாள். நான் மாமாவுக்கு எதிரே உட்காரவில்லை. அவர் வலது பக்கத்தில், அவர் பார்க்கிற திசையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். நிமிர்த்தி உட்கார வைத்தேன். அவர் கையை எடுத்து என் கை மேல் வைத்தேன். எலும்பும் தோலுமாக இருந்தது. சூடே இல்லை.

முதல் தடவை களி பாதி வழியில் நழுவி அவர் மடியில் விழுந்தது. கையைப் பார்த்தாரே தவிர வாயைத் திறக்கவில்லை. இரண்டாவது தடவை உதடு வரை போனது. உதடு இறுக்கம்தான். வெளியே நின்ற அந்தப் பெண் குனிந்து அவரைப் பார்த்து, "அஜ்ஜா, ஊட்டா மாடி. நிதானா" என்றாள். தாத்தா, சாப்பிடுங்கள், மெதுவாக என்று அர்த்தம். என் மாமா கன்னடத்தைக் கேட்டுத் திரும்பினார். அவளைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். களியை முகர்ந்த மாதிரி மூக்கு அசைந்தது.

அப்போது ஒன்று நடந்தது. என் கை மேல் கிடந்த அந்தக் கை கொஞ்சம் அழுத்தியது. நான் தூக்கவில்லை, சத்தியமாகத் தூக்கவில்லை. முதலில் தோள் அசைந்தது. நான் கூடவே போனேன். வாய் திறந்தது! களி உள்ளே போனது. மெல்லவில்லை. களியை யார் மெல்லுவார்கள்? நாக்கைச் சுழற்றி ஒரே விழுங்கு. தொண்டை மேலே ஏறி இறங்கியதை நான் கண்ணால் பார்த்தேன்.

"தின்னுட்டாரு!" என்றேன். யாரிடம் சொன்னேன் என்று தெரியவில்லை.

அடுத்த வாய். அதற்கடுத்தது. சாறு தாடையில் ஒழுகியது. துடைக்கப் போனேன். அவர் இடது கையால் என்னைத் தடுத்துவிட்டுத் தட்டைக் காட்டினார். அதாவது, துடைப்பதெல்லாம் அப்புறம், முதலில் களியைக் கொண்டா என்கிறார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டும் சேர்ந்து ஏதோ ஒரு சத்தம் வந்தது. தட்டில் இருந்த பெரிய உருண்டையில் பாதி, முழுப் பாதி, அவர் வயிற்றுக்குள் போய்விட்டது.

வேனிலிருந்து குதித்து இறங்கினேன். ரோட்டில் நின்று இரண்டு கையையும் தூக்கிக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கே நினைவில்லை. பின்னால் நின்ற லாரிக்காரன் ஒருவன் தலையை நீட்டி, "என்னண்ணா, ரோடு கிளியர் ஆயிடுச்சா?" என்றான்.

"இல்ல தம்பி, எங்க மாமா சாப்ட்டாரு!"

"ஆங்?"

"எங்க மாமா களி சாப்ட்டாருடா!"

அவன் கிளீனரைப் பார்த்து, "வெயில் ஏறிப் போச்சு போல" என்றான். ஏறட்டுமே!

பிறகு அந்தப் பெண் மீதியிருந்த இரண்டு உருண்டைகளை வாழை இலையில் சுற்றி என்னிடம் கொடுத்தாள். "உங்களுக்கு வேணாமா?" என்றேன். "நாகூர் போனா சோறு கெடைக்கும் சார்" என்றார் கணவர். அவர்கள் வீட்டுப் பெரியவர் முன் சீட்டிலிருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். என் மாமாவைப் பார்த்து இடது கையை லேசாகத் தூக்கினார். என் மாமாவும் தூக்கினார். இரண்டு பேருக்கும் பேச்சு கிடையாது.

அந்த நேரம் பார்த்துக் கிரேன் வேலையை முடித்துவிட்டது. எல்லா வண்டியும் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்தன. பின்னால் நின்றவன் திட்டினான். அவர்கள் ஓடிப்போய் ஏறினார்கள், நானும் ஏறினேன். வெள்ளைக் கார் முன்னால் போய் லாரிகளுக்கு நடுவில் மறைந்துவிட்டது. பெயர் கேட்கவில்லை. போன் நம்பர் வாங்கவில்லை. திட்டியதற்கு மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. வாய் இவ்வளவு பேசும், தேவையான நேரத்தில் பேசாது.

கணவாயை விட்டு இறங்கியதும் ஒரு டீக்கடை ஓரம் வண்டியை நிறுத்தி மனைவிக்கு போன் போட்டேன். கம்பெனிக்குள் போன் வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். கேட்டில் இருக்கிற செக்யூரிட்டி நம்பருக்குத்தான் அடிக்க வேண்டும். நான் பதற்றத்தில், "அவங்கப்பா விசயம், ஒடனே கூப்புடுங்க, ஒடனே!" என்று கத்தியிருக்கிறேன். அவர் வேறு மாதிரி நினைத்துவிட்டார். லைனில் வேலை செய்துகொண்டிருந்தவள் தலையில் போட்ட வலைத் தொப்பியோடு ஓடி வந்து மூச்சிரைக்கப் போனை வாங்கினாள்.

"என்னாச்சுங்க? அப்பா... அப்பா..."

"களி தின்னாருடி. அவரு கையால. வலது கையால."

முதலில் மூச்சு வாங்கிக்கொண்டாள். அப்புறம், "யோவ், இதுக்கா இப்படிக் கூப்புடுவ? நா செத்துப் பொழச்சேன்" என்று திட்டினாள். என் கல்யாண வாழ்க்கையில் அவள் என்னை யோவ் என்றது அன்று ஒரு நாள்தான். இன்னும் நாலு யோவ் சொல்லியிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

ஆஸ்பத்திரிக்கு இரண்டு மணி நேரம் தாமதமாகப் போனோம். டாக்டரம்மா கோபமாக இருந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். நம்பவில்லை. "வழியில ஒரு வேளை சாப்பிட்டா ஆச்சா?" என்றார். வாழை இலையைப் பிரித்தேன். நர்சுகள் சுற்றி நிற்க, வீல்சேரில் உட்கார்ந்தபடி, என் கை மேல் கையை வைத்து மாமா நாலு வாய் விழுங்கினார். டாக்டரம்மா கிட்டே வந்தார். விழுங்குவதை மறுபடி சோதித்தார். சின்னச் சின்ன உருண்டையாக, நிமிர்ந்து உட்கார்ந்துதான் கொடுக்க வேண்டும், இருமினால் உடனே நிறுத்த வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். பிறகு, "ஒரு வாரம் டைம் தர்றேன். நூறு கிராம் கொறஞ்சாலும் டியூப்தான்" என்றார்.

அந்த ஒரு வாரம்! கடையை மூன்று வேளையும் பூட்டினேன். "மோட்டார் ஓடலன்னா பயிர் காஞ்சிடும்ணா" என்று வந்து நின்றவர்களிடம், "மாமா சாப்புட்டு முடிக்கட்டும், உக்காரு" என்றேன். உட்கார்ந்தார்கள். முன்னே கிண்டல் செய்தவனே ஒரு நாள் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஐம்பது நிமிடம் ஆகும். எதையும் அவசரமாகச் செய்து பழகியவன், ஐம்பது நிமிடம் ஒரே இடத்தில், ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்தேன். ஒரு மோட்டாரின் காயிலை மெதுவாக, ஒவ்வொரு சுற்றாகப் போடுவது போலத்தான் இருந்தது.

அந்த உட்காருதலில்தான் அவரை எனக்குத் தெரிய வந்தது. கையில் வரும் அழுத்தத்திலேயே அவர் பேசுவார். லேசாக அழுத்தினால் இன்னும் வேண்டும். விரலைச் சுருக்கினால் உப்பு அதிகம். கை கனத்தால் போதும். இருபத்திரண்டு வருடம் வாயால் பேசாததை இருவரும் கையால் பேசித் தீர்த்தோம்.

அடுத்த வியாழக்கிழமை எடை மேடையில் அவரைச் சேரோடு ஏற்றினார்கள். நான் முள்ளைப் பார்க்காமல் டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்தேன். எண்ணூறு கிராம் கூடியிருந்தது. அந்த அறையிலும் நான் கத்தினேன். வெளியே இருந்த நோயாளிகள் எட்டிப் பார்த்தார்கள். டாக்டரம்மா திட்டவில்லை. அந்தக் கை விஷயத்தை இன்னொரு குடும்பத்துக்குக் காட்ட முடியுமா என்று கேட்டார். முடியுமாவா? மூன்று குடும்பத்துக்குக் காட்டிவிட்டுத்தான் கிளம்பினேன். காட்டும்போது முதலில் அவர்களுக்கு ஊட்டினேன், அந்த மனிதர் எனக்கு ஊட்டியது போல.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் மனைவியும் வீட்டில் இருந்தாள். வழக்கம்போல மாமாவின் கைக்குக் கீழே என் கையைக் கொடுத்தேன். தள்ளிவிட்டார். மறுபடி கொடுத்தேன். மறுபடி தள்ளினார். இந்த மனிதர் திரும்பவும் ஆரம்பித்துவிட்டாரா என்று எனக்குச் சுர்ரென்று ஏறியது. திட்ட வாயைத் திறந்தேன். அதற்குள் அவருடைய வலது கை, தனியாக, நடுங்கிக்கொண்டே, தட்டுக்குள் இறங்கியது. இரண்டு விரல் களியைக் கிள்ளியது. பாதி மடியில் விழுந்தது. பாதி வாய்க்குப் போனது.

நான் திறந்த வாயோடு உட்கார்ந்திருந்தேன். என் கை மட்டும் தட்டுக்குப் பக்கத்தில், மேலே யாருடைய கையும் இல்லாமல், நீட்டினபடியே நின்றது.

"ஏங்க, கைய எடுங்க" என்றாள் என் மனைவி. "அவருக்கு வழி உடுங்க."

என்னை யாரும் அவ்வளவு அழகாக விரட்டியதில்லை.

தொப்பூரில் இப்போதும் வாரத்துக்கு ஒரு தடவையாவது வண்டிகள் மாட்டிக்கொண்டு நிற்கின்றன. எல்லோரும் ஹாரன் அடிக்கிறார்கள், யாராவது குறுக்கே வந்தால் எனக்கும் வாய் துருதுருக்கத்தான் செய்கிறது. ஆனால் திட்டுவதற்கு முன்னால் இறங்கிப் போய், அந்த வண்டிக்குள் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு தடவை குனிந்து பார்த்துவிடுகிறேன்.